நீ இறங்கிய படியில் நின்றவள்

அன்பு மகன் அருளப்பனுக்கு,

வீட்டில் எல்லோரும் சுகம். அப்பாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. செவலைப் பசு கன்று போட்டிருக்கிறது, கிடாரிக் கன்று. உன் தங்கை எட்டாம் வகுப்பு பாஸ் பண்ணிவிட்டாள். இதையெல்லாம் முதலிலேயே எழுதிவிடுகிறேன். கோபம் வந்துவிட்டால் எனக்கு வீட்டு நலம் எழுத வராது என்று உனக்குத் தெரியும். நீ மடத்தில் சேர்ந்து அங்கி போட்டபிறகு உன்னை ‘நீங்கள்’ என்றுதான் எழுதவேண்டும் என்று பங்குச் சாமியார் சொல்லியிருக்கிறார். போன மூன்று கடிதத்தையும் அப்படித்தான் எழுதினேன். இந்தக் கடிதம் முடிகிறவரைக்கும் ‘நீ’தான். பெற்ற பிள்ளையை மரியாதை கொடுத்துத் திட்ட நான் எங்கும் படிக்கவில்லை. நான் படித்ததே செபப் புத்தகத்தில் எழுத்துக் கூட்டித்தானே. எழுதப் பழகினது வீட்டுச் செலவு நோட்டில். அதனால் என் எழுத்தில் அலங்காரம் இருக்காது. விஷயம் இருக்கும், பொறுமையாகப் படி.

ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில் நீ அனுப்பிய கடிதம் என் பக்கத்திலேயே இருக்கிறது. தாழ்ச்சிக்குப் பன்னிரண்டு படிகள் உண்டு என்றும், பழைய காலத்து மடங்களிலிருந்து இன்றைக்கு வரைக்கும் சந்நியாசிகள் அந்தப் படிகளைப் பிடித்துத்தான் மோட்சத்துக்குப் போகிறார்கள் என்றும், அந்த ஏணியில் மட்டும் கீழே இறங்க இறங்கத்தான் மேலே ஏற முடியும் என்றும் எழுதியிருந்தாய். எவ்வளவு மட்டமான வேலை கொடுத்தாலும் மனசு நிறைந்து செய்வது ஒரு படி. எல்லாரிலும் நான் கடைசி என்று வாயால் சொல்லாமல் உள்ளுக்குள்ளேயே நம்புவது இன்னொரு படி. அதனால் மடத்தில் இருக்கிற வேலைகளிலேயே மட்டமானது எது என்று தேடிப் பார்த்து, மாட்டுக்கொட்டகையில் சாணி அள்ளுகிற வேலையை நீயும் உன்னோடு சேர்ந்த இரண்டு பேரும் போய்க் கேட்டீர்கள். உங்களுக்குப் பொறுப்பான சாமி கண் கலங்கி அனுமதி கொடுத்தார். பதினாறு மாட்டுச் சாணியையும் அள்ளி எருக்குழியில் கொட்டுகிறீர்கள். கொட்டகையின் பின்சுவர் அசிங்கமாகக் கிடந்ததைச் சுரண்டி வெள்ளையடித்தீர்கள். கடைசியில் ஒரு வரி: “அம்மா, சாணி வாடை இப்போது எனக்குச் சாம்பிராணி வாடையாக இருக்கிறது.”

அந்தக் கடிதத்தை நான் எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் நீ சிரிப்பாய். பங்குச் சாமியாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதை மாதா சபைக் கூட்டத்தில் உரக்க வாசித்தார். அன்றைக்கு நான் எங்கே உட்கார்ந்தேன் தெரியுமா? கடைசி வரிசையில், வாசற்படியோரம், கைப்பிள்ளைக்காரிகள் உட்காருகிற இடத்தில். எப்போதும் நான் அங்கேதான் உட்காருவேன், “அம்மா ரொம்பத் தாழ்ச்சியானவங்க” என்று நம் ஊர் குளத்தூர் முழுக்கச் சொல்லும். நீயும் சின்ன வயசிலிருந்து கேட்டிருக்கிறாய். இன்றைக்கு உனக்கு ஒன்று சொல்கிறேன். சாமியார் என் பெயரைச் சொல்லும்போது கோயிலில் இருக்கிற அத்தனை தலையும் திரும்பிப் பார்க்கவேண்டும் என்றுதான் அன்றைக்கு அங்கே உட்கார்ந்தேன். முன்னால் உட்கார்ந்தால் யார் திரும்புவார்கள்? திரும்பினார்கள். ஒருத்தி கைப்பிள்ளையோடு எழுந்து எனக்கு இடம் விட்டுவிட்டு வெளியே வெயிலில் நின்றாள். அதையும் நான் பார்த்தேன். பார்த்துவிட்டு நன்றாக நகர்ந்து உட்கார்ந்துகொண்டேன். உனக்குத் தாழ்ச்சி சொல்லிக்கொடுத்தவள் நான்தான், ஆகையால் இந்தக் கோபத்தில் பாதி எனக்கும் சேர்ந்தது.

வைகாசியில் உன்னைப் பார்க்க வந்தேனே, அன்றைக்கு உன்னிடம் நான் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. பஸ்ஸில் வந்த களைப்பு என்று நீ நினைத்திருப்பாய். களைப்பு இல்லை. கறம்பக்குடி ரோட்டில் மடத்து முக்கில் இறங்கி, வெயில் தாழட்டும் என்று புளியமரத்தடியில் கொஞ்சம் நின்றேன். அங்கே ஒருத்தி வெறுங்கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயசுக்குள் இருக்கும். கழுத்தில் ஒன்றும் இல்லை.

“மடத்துக்கா போறீங்க?” என்றாள்.

“ஆமா.”

“ஆரையும் பாக்கவா?”

“பூசைக்கு” என்றேன். மத்தியானம் என்ன பூசை? அவள் கூடையையும் சேலையையும் பார்த்து, பேச்சை வளர்க்கவேண்டாம் என்றுதான் அப்படிச் சொன்னேன். அவள் விடவில்லை.

“நானும் அங்கதாங்க வேலை பாத்தேன். ஒம்பது வருசம். கொட்டகை என் பொறுப்பு.”

“இப்ப?”

“இப்ப சின்னச் சாமிமாருங்க பாக்குறாங்க.”

“ஏன், ஒனக்கு ஒடம்புக்கு முடியலையா?”

“எனக்கென்ன, கல்லாட்டம் இருக்கேன். அவுங்களுக்குத்தான் என்னமோ தாழ்ச்சி வேணுமாம். இருக்குறதுலயே கீழ இருக்குற வேலையாப் பாத்துக் குடுங்கன்னு கேட்டாங்களாம். கீழ பாத்தாங்க, நான் நின்னுக்கிட்டிருந்தேன்.” சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். “பெரிய சாமி தங்கமானவருங்க. கூப்புட்டு, ‘அடைக்கி, நாளையிலேருந்து நீ சிரமப்பட வேண்டாம்’னாரு. சிரமப்பட வேண்டாம்னு சொன்னாரே ஒழிய, சாப்புட வேண்டாம்னு சொல்லலை. அதுக்கு என்ன வழின்னுதான் இங்கிட்டு ஒக்காந்து யோசிச்சுக்கிட்டிருக்கேன்.”

அருளப்பா, அவள் பெயர் அடைக்கி. புருஷன் கிணறு வெட்டும்போது மண் சரிந்து செத்துப்போனான். இரண்டு பெண்பிள்ளைகள். கொட்டகை கூட்டுவதற்கு மடத்தில் அவளுக்கு மாதக் கூலி உண்டு. அதைவிடப் பெரியது இது: அள்ளுகிற சாணியில் பாதி மடத்து எருக்குழிக்கு, பாதி அவளுக்கு. அந்தப் பாதியை வறட்டி தட்டிக் காயவைத்துக் கறம்பக்குடிச் சந்தையில் விற்றுத்தான் அந்த வீட்டில் உலை கொதித்தது. வறட்டி தட்ட அவளுக்கு ஏது சுவர்? மடத்துக் கொட்டகையின் பின்சுவரைத்தான் மடத்துக்குத் தலைவராக இருந்த பழைய சிரேஷ்டர் அவளுக்கு விட்டுக்கொடுத்திருந்தார். நீ அசிங்கம் என்று சுரண்டி வெள்ளையடித்தாயே, அந்தச் சுவர்தான். உனக்குச் சாம்பிராணியாக மணக்கிற அந்தச் சாணிதான். சேர்த்துவைத்திருந்த வறட்டி சித்திரையோடு தீர்ந்துபோயிற்று. “நார்த்தாமலைப் பக்கம் ஜல்லி ஒடைக்க ஆள் எடுக்குறாங்களாம். ஆடி கழிஞ்சதும் புள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு அங்கிட்டுப் போயிற வேண்டியதுதான். கல்லுக்குழியிலயே கொட்டாய் போட்டுக் குடுப்பாங்களாம்” என்றாள். அந்தக் குழியில் வெடி வைக்கிறார்கள் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

நான் முறுக்கு டப்பாவை எடுத்துக்கொண்டு மடத்துக்கு நடந்தேன். நீ பார்வையாளர் அறைக்கு ஓடிவந்தாய். முறுக்கு டப்பாவை வாங்கி வைத்துவிட்டு இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினாய். கொப்புளம் உடைந்து தோல் உரிந்திருந்தது. “வலிக்கலையாப்பா?” என்று கேட்டேன். “இது வலிக்கிறதுதான் சந்தோஷம்மா” என்றாய். பக்கத்தில் உங்கள் பொறுப்புச் சாமி உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். வேறு சமயமாக இருந்திருந்தால் அந்தக் கையை எடுத்து முத்தம் கொடுத்திருப்பேன். அன்றைக்கு அந்தக் கொப்புளத்தைப் பார்க்கப் பார்க்க, இன்னொருத்தி வீட்டுச் சோற்றுப்பானையை இவன் கவிழ்த்துப் போட்ட அடையாளம்தானே இது என்றுதான் எனக்குத் தோன்றிற்று. தோன்றியும் வாய் திறந்தேனா? இல்லை. சாமியார் முன்னால் பேசக்கூடாது, மடத்து விஷயத்தில் பொம்பளைக்கு என்ன வேலை, நமக்குத் தெரிந்தது எவ்வளவு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்கும் தாழ்ச்சி என்று பெயர் வைத்துக்கொண்டேன். திரும்பும்போது அதே புளியமரத்தடியில் அவள் இருக்கிறாளோ என்று பயந்து, ஒரு மைல் நடந்து அடுத்த ஸ்டாப்பில் ஏறினேன்.

இந்த வீட்டில் தாழ்ச்சி என்றால் என்னவென்று ஒருத்தருக்குத் தெரிந்திருந்தது. அவரை நானும் நீயும் ஏமாளி என்று நினைத்தோம். உனக்குப் பத்து வயசு இருக்கும். உன் அப்பா ரைஸ்மில்லில் எடை போடுகிற நாற்காலியில் இருந்தார். கோடை மழை ஒன்று சொல்லாமல் கொள்ளாமல் வந்தது. களத்தில் காய்ந்த நெல் முழுக்க நனைந்துபோயிற்று. முதலாளி வந்து, நெல் கிளறுகிற இரண்டு பெண்களையும் கண்டபடி பேசி, நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். உன் அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து போய், “மொதலாளி, மழை வரும் போல இருக்கு, படுதாவை இழுத்து மூடிருவோம்னு இவுங்க ரெண்டு பேரும் சொன்னாங்க. நான்தான் பொறுங்கன்னுட்டு லாரிக்காரர்கூடப் பேசிக்கிட்டிருந்தேன். தப்பு என்னுது” என்றார். அவ்வளவுதான் சொன்னார். அழவும் இல்லை, காலில் விழவும் இல்லை. நாற்காலி போயிற்று. மில் கேட்டில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார்கள், வருகிற வண்டிக்குக் கதவைத் திறந்துவிடுகிற வேலை.

நான் அவரை என்ன பேச்சுப் பேசினேன் தெரியுமா? “வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா நாக்காலி போயிருக்குமா?” என்றேன். “நாக்காலி போயிருக்காது. அவுங்க ரெண்டு பேரும் போயிருப்பாங்க” என்றார். அதற்குப் பிறகு பல நாள் நான் அவரோடு பேசவில்லை. கோயிலுக்குப் போகிற வழியில் மில் கேட் இருந்ததால் உன் கையைப் பிடித்துக்கொண்டு குளத்துக்கரையைச் சுற்றிப் போனேன். “அப்பாவாட்டம் விவரம் தெரியாம இருக்காதேடா” என்று அந்தச் சுற்றுப்பாதையில்தான் உனக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஆறு வருஷம் அந்த மனுஷர் ஸ்டூலில் உட்கார்ந்தார். உன் பன்னிரண்டு படியும் அந்த ஸ்டூலில் இருந்தது. நாம் இரண்டு பேரும் அதைச் சுற்றிக்கொண்டு போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்து, தாழ்ச்சியைக் கொடு ஆண்டவரே என்று செபம் சொன்னோம்.

வித்தியாசத்தைப் பார். அவர் இறங்கினபோது இரண்டு பெண்கள் வேலையில் நின்றார்கள். நீ இறங்கினபோது ஒருத்தி வேலையை இழந்தாள். அவர் தன்னுடையதைக் கொடுத்து இறங்கினார். நீ அவளுடையதை எடுத்துக்கொண்டு இறங்கினாய். கீழ்ப்படிக்குப் போகிறேன் என்று கண்ணை மூடிக்கொண்டு இறங்கினாயே, அந்தப் படியில் ஏற்கெனவே ஒரு பொம்பளை நிற்கிறாள், அவள் காலை மிதிக்கிறோம் என்று எப்படியப்பா உனக்குத் தெரியாமல் போயிற்று? ஒன்பது வருஷமாக உங்கள் மாட்டை மேய்ச்சலுக்கு அவிழ்த்துவிட்டவள் முகம் உனக்கு நினைவில் இருக்கிறதா? உன் கடிதத்தில் சாணி இருக்கிறது, நாற்றம் இருக்கிறது, உன் கொப்புளம் இருக்கிறது, அவள் ஒரு வார்த்தையில்கூட இல்லை. எல்லாரிலும் நான் கடைசி என்று நம்புகிறவன், தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று ஒரு தடவையாவது திரும்பிப் பார்க்கமாட்டானா? பெரிய வியாழனன்று சேசுநாதர் சீஷர்களுடைய காலைக் கழுவினாரே, அந்த வீட்டில் கூலிக்குக் கால் கழுவுகிற ஆள் ஒருவன் செம்போடு நின்றிருந்தால், அவனை வெளியே அனுப்பிவிட்டா செம்பை வாங்கியிருப்பார்? முதலில் அவனை உட்காரவைத்து அவன் காலைக் கழுவியிருப்பார். எனக்கு வேதசாஸ்திரம் தெரியாது. இது தெரியும்.

போன வாரம் அப்பாவிடம் சொல்லிவிட்டு மறுபடியும் அங்கே போனேன். மடத்துக்குள் வரவில்லை. வேலிக்கு அங்கிட்டு நீங்கள் சங்கீதம் பாடுகிற சத்தம் கேட்டது, உன் குரல் எது என்று பிரித்துப் பார்த்தேன், தெரியவில்லை. அடைக்கி குடிசை மடத்து வடக்கு வேலியோரம். உள்ளே கூப்பிட்டுச் சாக்கை விரித்தாள். நின்றபடியே சொன்னேன்: “அன்னைக்கு நான் பொய் சொன்னேன். பூசைக்கு வரலை. ஒன் வேலையை வாங்கிக்கிட்டவன் என் மகன்.”

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். “எந்தச் சாமி? ஒசரமா, காது ரெண்டும் வெளிய நீட்டிக்கிட்டு?”

“அவன்தான்.”

“நல்ல புள்ளைங்க. என்னைப் பாத்தா ஸ்தோத்திரம் சொல்லும். ஆனா கூட்டத் தெரியலை. நடுவுல மட்டும் பளிச்சுன்னு கூட்டிட்டு மூலையில ஈரத்தை விட்டுட்டுப் போயிருது. அந்தக் கருப்புப் பசு நிக்கிற எடத்துல எப்பவும் மூத்திரம் தேங்கும். அதுக்குக் குளம்பு அழுகிருக்கு. நொண்டி நடக்குறதை வேலி வழியாப் பாத்தேன். சாமிமாருங்க சொர்க்கத்தைப் பாத்துக்கிட்டுக் கூட்டுறாங்க போல.”

நான் கொண்டுபோன அரிசியையும் சேலையையும் எடுத்து வைத்தேன். அவள் சேலையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. “அரிசி பத்து நாளைக்கு வரும். அப்பறம் நீங்க வாரீங்களா? எனக்குத் தருமம் வேணாம்மா. நான் பிச்சைக்காரி இல்லை, கொட்டகைக்காரி” என்றாள். அவள் கோபமாகச் சொல்லவில்லை. என்னால் தீர்க்க முடிகிற காரியம் இல்லை இது என்று அப்போது தெரிந்தது. நீதான் கேட்டு வாங்கினாய். நீதான் போய்த் திருப்பிக் கொடுக்கவேண்டும்.

என்ன செய்யவேண்டும் என்றும் எழுதுகிறேன், பிறகு புரியவில்லை என்று சொல்லாதே. வெள்ளிக்கிழமைதோறும் நீங்கள் எல்லோரும் சிரேஷ்டர் முன்னால் முழந்தாளிட்டு, மணி அடித்தும் பிந்தி வந்தேன், குவளையை உடைத்தேன் என்று அவரவர் குற்றத்தைச் சொல்வீர்கள் என்று எழுதியிருந்தாய். வருகிற வெள்ளிக்கிழமை இதைச் சொல். புகழ்ச்சி ஆசைப்பட்டு ஒரு ஏழையின் பிழைப்பைக் கேட்டு வாங்கினேன் என்று, சுற்றி வளைக்காமல், உன் அப்பா சொன்னது மாதிரி இரண்டு வரியில் சொல். உனக்காகக் கண் கலங்கின சாமிக்கு மறுபடி கண் கலங்கட்டும். அதற்கப்புறம் வடக்கு வேலிக்குப் போய் அவளைக் கூப்பிடு. கூலியும் பாதிச் சாணியும் பின்சுவரும் முன்பு இருந்தது போல அவளுக்கு. உனக்கு அப்படியும் தாழ்ச்சி வேண்டும் என்றால் தடையில்லை, அவளுக்குக் கையாளாக நில். அவள் இங்கிட்டுக் கூட்டு என்றால் இங்கிட்டுக் கூட்டு, தள்ளி நில் என்றால் தள்ளி நில். கொட்டகையில் அவள் உனக்குச் சிரேஷ்டர். சாணி அள்ளுவது எளிது. அடைக்கியிடம் வேலை கற்றுக்கொள்வது உனக்குக் கஷ்டமாக இருக்கும், இருக்கட்டும்.

நான் எழுதுவதை உன் அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, “எழுதுறதை எழுது. ஆனா அவனுக்கு வார கடுதாசியை எல்லாம் பெரிய சாமி பிரிச்சுப் படிச்சுட்டுத்தான் குடுப்பாராம், பாத்துக்க” என்றார். படிக்கட்டும். சுவாமி, உங்கள் கையை முத்தி செய்கிறவள்தான் நான், என் பிள்ளையை உங்களிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தவள். இதை அவனிடம் கொடுக்காமல் வைத்துக்கொள்வதற்கு உங்களுக்கு அதிகாரம் உண்டு. வைத்துக்கொண்டாலும் நீங்கள் படித்துவிட்டீர்கள். எனக்கு அது போதும்.

தேவமாதா திருநாளன்று நீ துறவறத்துக்கு வார்த்தைப்பாடு கொடுக்கப்போகிறாய் என்று அழைப்பு வந்திருக்கிறது. பெற்றவர்கள் முன்னால் நின்று ஆசீர்வாதம் கொடுக்கவேண்டுமாம். அப்பா எப்படியும் வருவார். “நீ வரலேன்னா ஒன் முறுக்கையாவது குடுத்து விடு” என்கிறார். அவருக்கு உன்மேல் கோபமே இல்லை, வருத்தம்தான். நானும் முந்தின நாளே புதுக்கோட்டைக்கு வந்து உன் சித்தி வீட்டில் தங்கி, காலை முதல் பஸ்ஸில் வருவேன். இறங்கினதும் அப்பாவைக் கோயிலுக்கு அனுப்பிவிட்டு நேரே வடக்கு வேலிக்குப் போவேன். திருநாளானாலும் மாடு சாணி போடாமல் இருக்காது, அந்த நேரத்துக்குக் கொட்டகைக்காரி கொட்டகையில்தான் இருக்கவேண்டும். அடைக்கி குடிசையில் உட்கார்ந்து மூட்டை கட்டிக்கொண்டிருந்தால், நானும் அவளோடு உட்கார்ந்து கட்டிக்கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் குளத்தூர் திரும்பிவிடுவேன். குடிசை படல் சாத்திக் கயிறு கட்டியிருந்து, கொட்டகைப் பக்கம் அவள் கூட்டுகிற சத்தம் கேட்டால் கோயிலுக்கு வருகிறேன்.

உன் அம்மா